பல்பை மாற்றியாயிற்று, எண்ணிக்கையை எப்போது குறைப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். அதையொட்டி ஆண்டுதோறும் ஒரு வாரம் ஊர்வலம் விடுவார்கள், துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். போன தடவை என் கடைக்கும் ஒரு சீட்டு வந்தது. முதல் வரியே, ‘குண்டு பல்பை அகற்றுவீர், எல்.இ.டி. பொருத்துவீர்’. திண்டுக்கல்லில் மின்சாதனக் கடை வைத்திருப்பவள் நான். குண்டு பல்பு கேட்டு என் கடைக்கு ஆள் வருவதே அபூர்வம். அப்படி வந்தாலும் கோழிக்குஞ்சு வளர்ப்பவராக இருப்பார், கூண்டுக்குச் சூடு வேண்டும் என்று வாங்குவார். வெளிச்சத்துக்காக யாரும் அதை வாங்கி நான் பார்த்துப் பல வருஷமாகிறது. முடிந்துபோன வேலையையே இன்னும் செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மிச்ச வேலை வேறு இடத்தில் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எல்.இ.டி. மலிந்த கதை நமக்குப் பக்கத்தில் தொடங்கியதுதான். பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இ.இ.எஸ்.எல்., வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பு கொடுக்கும் திட்டத்தை 2014ல் புதுச்சேரியில்தான் முதலில் நடத்திப் பார்த்தது. அன்றைக்கு அதன் கொள்முதல் விலை ஒரு பல்புக்கு 310 ரூபாய். 2015 ஜனவரியில் திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது, பிற்பாடு உஜாலா என்று பெயர் வந்தது. கோடிக்கணக்கில் மொத்தமாக ஏலத்தில் வாங்கியதால் 2016ல் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. இந்தத் திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேல் பல்பு போயிருக்கிறது. நல்ல காரியம், ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் விலை விழுந்ததும் கடைக்கு வரும் பட்டியல் நீண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் வயரிங் ஒப்பந்தம் எடுப்பவர். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் ஒரு ஹாலுக்கு ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், வாசலுக்கு ஒரு பல்பு, அவ்வளவுதான். அந்தப் பழைய டியூப் 40 வாட். அதன் காப்பர் சோக் தனியாக 12, 15 வாட் தின்னும். ஆக 55 வாட் என்று வையுங்கள். இன்று அதே அளவு ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் அடித்து, அதில் பதித்து நேர் கீழே பார்க்கும் 12 டவுன்லைட் வைக்கச் சொல்கிறார்கள். ஒன்று 12 வாட் என்றாலும் 144 வாட் ஆகிறது. சீலிங் ஓரத்தில் ஓடும் ஸ்ட்ரிப் லைட்டும், டி.வி. பின்னால் நீலமாக எரிவதும் இந்தக் கணக்கில் வரவில்லை. எல்.இ.டி.க்கு மாறிய ஹால், பழைய டியூப் லைட் ஹாலைவிட இரண்டரை மடங்கு இழுக்கிறது. அந்த வீட்டுக்காரரைக் கேட்டால், “எல்லாம் எல்.இ.டி.தாங்க, கரண்டே இழுக்காது” என்பார்.

விளக்கு விற்கிறவளே விளக்கைக் குறைக்கச் சொல்கிறாளே என்று தோன்றும். பன்னிரண்டு விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து அதே ஆள் “பையன் படிக்க வெளிச்சம் பத்தலைங்க” என்று மேஜை விளக்கு கேட்டு வருவதையும் நான்தானே பார்க்கிறேன்? டவுன்லைட் நேர் கீழே கொட்டும். அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து எழுதும் பிள்ளையின் நோட்டில் அவன் தலை நிழல் விழும். அடுக்களையிலும் இதே கதைதான். சீலிங் நடுவில் 20 வாட் எரியும், காய் நறுக்கும் பலகை இருட்டில் கிடக்கும். மேல் அலமாரிக்கு அடியில் 5 வாட் பட்டை ஒன்றை ஒட்டினால் போதும், நடு விளக்கைப் போடாமலே சமையல் நடக்கும். வேலை நடக்கும் இடத்துக்கு மேல் விளக்கு இருந்தால் பாதி வாட்டில் காரியம் முடியும். இதைச் சொல்லித் தர வாஸ்து பார்ப்பவரும் வருவதில்லை, பொறியாளரும் வருவதில்லை.

சரி, வீட்டைப் பற்றி ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 9 வாட் பல்பு எட்டு, தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 22 யூனிட்டுக்குள்தான் வரும். நம் மாநிலத்தில் முதல் 100 யூனிட் இலவசம். படுக்கையறை ஏ.சி. சில ராத்திரியில் அந்த 22 யூனிட்டை எட்டிவிடும். ஒரு பல்பை அணைக்காமல் வந்துவிட்டது என்று பிள்ளையை அதட்டுவது பழைய பழக்கத்தால்தான், பில்லைக் குறைக்க அது உதவாது. 500 யூனிட் எல்லையில் தடுமாறும் வீடுகளுக்கு மட்டும் ஒவ்வொரு யூனிட்டும் கணக்கு, தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

வீட்டில் நான் கடுமையாகச் சொல்லும் ஒரே விளக்கு பூஜையறையில் இருப்பது. சிவப்பாக, சின்னதாக, ‘ஜீரோ வாட்’ என்று காலங்காலமாக விற்றுவருகிறதே, அது. அது பூஜ்யம் இல்லை, 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். வாட் மீட்டரில் செருகிக் காட்டினால்தான் பலர் நம்புகிறார்கள். ராப்பகலாக எரியும் 15 வாட், இரண்டு மாதத்தில் 21 யூனிட்டைத் தாண்டும். மேலே சொன்ன எட்டு பல்பும் சேர்ந்து இழுப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அரை வாட் எல்.இ.டி. ராவிளக்கு அதே சிவப்பில் கிடைக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் கூட ஆகாது. சாமிக்கு எது எரிந்தாலும் ஒன்றுதான்.

நிஜமாகக் கொட்டிப்போவது வீட்டுக் கதவுக்கு வெளியே. அடுக்குமாடிப் பொது இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 கட்டண மாற்றத்தில் படிக்கட்டு, லிஃப்ட், மோட்டாருக்கான பொது இணைப்பைத் தனிப் பிரிவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். குடியிருப்போர் கூப்பாடு போட்ட பிறகு 2023ல், பத்து வீடு வரை, மூன்று மாடி வரை, லிஃப்ட் இல்லாதவற்றுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். மற்றவர்களுக்கு 8 ரூபாய்க்குக் குறையவில்லை. இந்த விலையில் அங்கே என்ன எரிகிறது? என் வீட்டுக்காரர் வேலை பார்த்த நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் மாடிக்கு மூன்று டியூப், வண்டி நிறுத்துமிடத்தில் எட்டு டியூப். எல்லாமே 20 வாட் எல்.இ.டி.தான், நல்ல கம்பெனிப் பொருள்தான். மாலை ஆறுக்குக் காவலாளி ஒரு சுவிட்சைத் தட்டுவார், காலை ஆறுக்கு அணைப்பார். கணக்குப் போட்டால் ஒரு ராத்திரிக்கு 4.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 288 யூனிட். குறைந்தது 2,300 ரூபாய். ராத்திரி பதினொன்றுக்கு மேல் அந்தப் படியில் யார் நடக்கிறார்கள்?

தப்பு பல்பில் இல்லை, ஒற்றைச் சுவிட்சில் இருக்கிறது. இருபது விளக்கையும் ஒரே சர்க்கியூட்டில் போட்டுவிட்டால் ஒன்று வேண்டுமென்றாலும் இருபதும் எரிய வேண்டும். கட்டும்போதே மாடிக்கு மாடி வயரைப் பிரித்து, ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்கிற டூவே சுவிட்சை கீழே ஒன்று மேலே ஒன்று என்று வைத்திருந்தால் கூடுதல் செலவு சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பைப் போடும்போதே முடிக்க வேண்டிய வேலை அது. பிறகு சுவரை உடைக்கத்தான் வேண்டும். பழைய காலத்து மாடி வீடுகளில் டூவே சுவிட்ச் இல்லாத படிக்கட்டே கிடையாது. இப்போதுதான் காவலாளி இருக்கிறாரே என்று விட்டுவிட்டார்கள்.

உடைக்க மனமில்லாதவர்களுக்கு சென்சார் இருக்கிறது. ஆள் நடமாட்டம் கண்டால் எரிந்து, ஓரிரு நிமிஷத்தில் அணைகிற வகை, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஆனால் சும்மா வாங்கி மாட்டினால் போதாது. படி திரும்பும் இடத்தில், ஆள் கால் வைப்பதற்கு முன் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயசான அம்மா இரண்டு படி இருட்டில் ஏறிய பிறகுதான் வெளிச்சம் வரும். மைக்ரோவேவ் வகை சென்சார் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடந்தாலும் எரிந்துவிடும். உடல் சூட்டைப் பார்க்கும் பி.ஐ.ஆர். வகைக்கு நடுவில் கண்ணாடி வந்தால் கண் தெரியாது. படிக்கட்டுக்கு நான் பி.ஐ.ஆர். சொல்வேன். அப்புறம் ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்ன 3 வாட் விளக்கு எப்போதும் எரியட்டும். முழு இருட்டு எந்தச் சிக்கனத்துக்காகவும் வேண்டாம், முக்கியமாகப் பெண்கள் தனியாக ஏறி இறங்கும் இடத்தில். மேலே சொன்ன கட்டடத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு டியூப்பை மட்டும் விடியும்வரை விட்டு, மற்றதை சென்சாருக்கு மாற்றினார்கள். மாடிகளிலும் அப்படியே. விளக்குக் கணக்கு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஒருவரும் புகார் சொல்லவில்லை.

கடைகளுக்கு வருகிறேன். ஜவுளிக்கடைகள்தான் என் மனசில் இருப்பவை. சுமார் 1,500 சதுர அடி தளம் ஒன்றுக்கு 36 வாட் பேனல், அதாவது சீலிங்கில் பொருத்தும் தட்டையான சதுர விளக்கு, நாற்பதும், 15 வாட் டவுன்லைட் அறுபதும் போட்டுக் கேட்ட பட்டியல் என் மேஜைக்கு வந்திருக்கிறது. கூட்டினால் 2,340 வாட். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பத்து வரை எரிந்தால் ஒரு நாளைக்கு 30 யூனிட். வணிக இணைப்பில் யூனிட் பத்து ரூபாய் அளவில் போகிறது. இரண்டு மாத பில்லில் ஒரு தளத்துக்கு, விளக்குக்கு மட்டும், 18,000 ரூபாய். ஏ.சி. போட்ட கடை என்றால் இதோடு நிற்காது. விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் ஆகிறது, அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏ.சி. மேற்கொண்டு மூன்றில் ஒரு பங்காவது இழுக்கும்.

இவ்வளவு போட்டும் என்ன நடக்கிறது? முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பத்தைக் கவனியுங்கள். கடைப்பையன் மெத்தையில் புடவையை விரிப்பான். பெண்ணின் அத்தை அதைத் தோளில் போட்டுக்கொண்டு, “இது அரக்கா, மெரூனா?” என்பார். ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் அத்தை புடவையோடு வாசலுக்கு நடப்பார், பின்னாலேயே கடைப்பையன் ஓடுவான், வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ம்… அரக்குதான்” என்பார். நூறு விளக்கு எரிகிற கடையில் நிறம் பார்க்க வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது!

காரணம் வெளிச்சக் குறைவு இல்லை. விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. பகல் வெளிச்சம் 100. சாதாரண எல்.இ.டி. 80 அல்லது அதற்கும் கீழே. அதிலும் சிவப்பு வகையறாதான் முதலில் அடிபடும். அரக்கு, மெரூன், வெங்காயச் சருகு எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும். வெள்ளை மஞ்சளாக இருக்கிறதா நீலமாக இருக்கிறதா என்பதைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் ஏறும். 6500 கெல்வின் பளீர் வெள்ளையில் பட்டு ஜரிகையும் வெளிறிப்போகும். இந்த விளக்கை இன்னும் இருபது மாட்டினாலும் நிறம் சரியாகாது. 90க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ள ஸ்பாட் லைட்டை மெத்தைக்கு நேர் மேலே, 4000 கெல்வின் அளவில் வைத்துப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் சற்றுக் குறையும். ஆனால் புடவை மேல் வெளிச்சம் விழும், நடைபாதையிலும் சீலிங்கிலும் வீணாகாது. பேனலில் மூன்றில் ஒன்றைக் கழற்றிவிடலாம். சொல்லிப் பார்த்திருக்கிறேன். “எதிர்க்கடை பளபளன்னு இருக்கே மேடம், நாங்க மட்டும் மங்கலா வைக்கவா?” என்பதுதான் பதில். கடைக்காரர்கள் போட்டி போடுவது எதிர்க்கடை சீலிங்கோடு. வாடிக்கையாளர் பார்ப்பதோ புடவையை.

நகைக்கடைகளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அங்கே தங்கம் மின்ன வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது, அவர்கள் ஓரளவு தெரிந்துதான் செலவழிக்கிறார்கள். ராத்திரி ஷட்டரைப் பூட்டிய பிறகும் எரியும் பெயர்ப்பலகைகள், விடிந்தும் அணையாத காம்பவுண்டு விளக்குகள், இவற்றுக்கெல்லாம் வெளிச்சம் பார்த்து அணையும் ஒரு சென்சார் சுவிட்ச் போதும். மண்டபங்களில் முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடும்போது மேடை விளக்கு யாருக்காக எரிகிறது என்று தெரியவில்லை.

இன்னொன்று, தரம். வாட்டைப் பார்த்து வெளிச்சம் வாங்குவது குண்டு பல்பு காலத்துப் பழக்கம். வாட் என்பது இழுக்கும் அளவு. கொடுக்கும் அளவு லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு 700 லூமெனுக்கு மேல் கொடுத்தது. நல்ல 9 வாட் எல்.இ.டி. 900 வரை கொடுக்கும், மட்டமானது 700ஐத் தொடவே திணறும். இரண்டின் பெட்டியிலும் பெரிய எழுத்தில் 9 வாட் என்றுதான் இருக்கும், லூமென் எண்ணோ மூக்குக்கண்ணாடி போட்டால்தான் தெரியும். எல்.இ.டி. பல்புக்கு நட்சத்திர முத்திரை 2018 ஜனவரியிலிருந்து கட்டாயம், அந்த நட்சத்திரமே வாட்டுக்கு எத்தனை லூமென் என்பதை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத பல்பு தள்ளுவண்டியில் குவியலாகக் கிடக்கிறது, என் கடை விலையில் பாதிக்கு. வாங்குபவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம்.

நல்ல பல்பையும் நாமே கெடுக்கிறோம். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். தினம் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் ஐந்து வருஷம் வர வேண்டும். அதை மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் மாட்டினால் சூடு வெளியேற வழியின்றி உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துவிடும், ஒரே வருஷத்தில் மினுக்க ஆரம்பிக்கும். ரிப்பேர் பண்ணித் தருகிறேன் என்று சொல்பவர்கள் செய்வது என்ன தெரியுமா? உள்ளே எல்.இ.டி. சிப்புகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்று கருகினால் மொத்தமும் அணைந்துவிடும். கருகியதைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் ஈயப்பற்று வைத்து இணைத்துவிடுவார்கள். பல்பு எரியும், பத்து ரூபாயில் வேலை முடிந்தது. ஆனால் முதல் சிப்பைக் கருக்கிய சூடு அப்படியேதான் இருக்கிறது, சில ரகங்களில் மிச்ச சிப்புகளுக்குப் பாரமும் கூடிவிடும். சீக்கிரமே அடுத்ததும் போகும். நான் அந்த வேலையைக் கேலி செய்யவில்லை, குப்பை குறைவது நல்லதுதான். மூடியைத் திறந்துவைத்து மாட்டச் சொல்கிறேன், அவ்வளவே.

அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எரிசக்தித் திறன் பணியகம் பெரிய வணிகக் கட்டடங்களுக்கு ஒரு விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. 2007ல் வந்தது, 2017ல் திருத்தினார்கள். அலுவலகம் என்றால் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் விளக்குக்கு மேல் போகக் கூடாது, ஆளில்லாத நேரத்தில் தானாக அணையும் ஏற்பாடு வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2017 திருத்தத்தில் அலுவலகத்துக்கு உச்சவரம்பு சதுர மீட்டருக்கு 9.5 வாட் என்று வைத்தார்கள். நான் மேலே சொன்ன ஜவுளித் தளத்துக்கு வகுத்துப் பார்த்தால் 16 வாட்டைத் தாண்டுகிறது. கடைக்கான வரம்பு அலுவலகத்தைவிடத் தளர்வானது என்பது சரிதான். ஆனால் அந்த விதி எங்கள் ஊர்க் கடையைத் தொடாது, 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான் பொருந்தும். எங்கள் கடைவீதியில் பெரும்பாலானவை அதற்குக் கீழே. 2022ல் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, இந்த வரம்பை மாநில அரசு குறைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். விளக்கு விஷயத்துக்காவது அதைப் பயன்படுத்த வேண்டும்.

வீடு கட்ட அனுமதி கேட்டால் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதே படிவத்தில் படிக்கட்டு விளக்குக்கு டூவே சுவிட்சோ சென்சாரோ உண்டா, பொது விளக்குகள் மாடிவாரியாகப் பிரிந்திருக்கின்றனவா என்று இன்னும் இரண்டு வரி சேர்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த டிசம்பரில் துண்டுச்சீட்டு அச்சடிக்கும்போது, மின்வாரியத்தார் குண்டு பல்பை விட்டுவிட்டு இதைப் போடட்டும். கடைக்காரர் சங்கங்களைக் கூப்பிட்டு ஒரு கடையில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு விளக்கைக் கழற்றி, நல்ல விளக்கை மெத்தை மேல் மாட்டி, ஒரு மாத யூனிட்டை எல்லோருக்கும் காட்டட்டும். எங்கள் ஊரில் நடத்துவதானால் விளக்குகளை அசல் விலைக்கு நான் தருகிறேன், மாட்டிக் கொடுக்க என் வீட்டுக்காரர் வருவார்.

இப்படிக்கு,
மின்சாதனக் கடை உரிமையாளர்,
திண்டுக்கல்.